கீழ்வீட்டுக் கோழிகளுக்குக் கோத்திரம் பார்த்த விவகாரம்

ஸ்ரீ

செவிலிமேடு, காஞ்சிபுரம்
18-2-2000, வெள்ளிக்கிழமை காலை

சிரஞ்சீவி ராம்ப்ரஸாதுக்கு உன் மாமா ஸௌந்தரராஜன் எழுதிக்கொண்டது. அநேக ஆசீர்வாதம். பேரருளாளன் கடாக்ஷத்தில் நானும் உன் மாமி ரமாமணியும் சௌக்கியம். நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் வீடும் சௌக்கியம். நாங்கள் இருக்கும் மாடியில் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. தென்னைக்குத் தனியாக உரம் வாங்கிப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அதற்குக் காரணமானவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கீழ்ப் போர்ஷனில் நீ குடிவைத்திருக்கும் சாமுவேல் வாத்தியாரைக் காலி செய்யச் சொல்லி, வீட்டுக்காரன் என்ற முறையில் உன் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் அனுப்பவும். பங்குனிக்குள் போகட்டும். சார்பதிவாளர் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ரிடையர் ஆனவன் நான். காரணம் எழுதாத ஒரு காகிதமும் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. ஆகவே காரணங்களை ஆதியிலிருந்து எழுதுகிறேன். நடுவில் பேச்சு கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் பொறுத்துக்கொள்.

போன வருஷம் மாசியில் அவர் குடிவந்தபோது நீ டெலிபோனில் என்ன சொன்னாய்? "மாமா, ஸ்கூல்ல விலங்கியல் வாத்தியார். புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர். வீட்டுல ஆள் இருக்கறதே தெரியாது" என்றாய். அவர் மனைவி ரேணுகாம்பாள் நர்ஸ் வேலைக்குப் போகிறவள், அவள் இருப்பது உண்மையிலேயே தெரியாது. ஆனால் குடிவந்த மறுவாரமே ஓர் ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து கூடைகள் இறங்கின. கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. சார்பதிவாளர்கூட என்னை அப்படி அதட்டியதில்லை. நான் மாடிப்படியில் நின்றபடி, "சாமுவேல், இது ஸ்ரீவைஷ்ணவா இருக்கற வீடு" என்றேன். அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, "தெரியும் சார். இது சாப்பாடு இல்ல சார், பாடம். மெண்டல் பட்டாணிச் செடி வச்சாரு. பட்டாணி நம்ம ஊரு வெயிலுக்கு வராது சார், கோழிதான் வரும்" என்றார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபியலைக் கண்ணால் காட்டிச் சொல்லித் தரப் போகிறாராம். அதற்குக் கொல்லைப்புறம் வேண்டுமாம். வலை அடித்து, கூண்டு கட்டி, பூட்டும் போட்டுவிட்டார். நான் எழுத்து மூலமாக ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று காகிதம் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே கீழே இறங்கிப் பார்த்தது என் தப்பு. அவர் எனக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "கொண்டையைக் கவனிங்க சார். இந்தச் சேவலுக்குக் கொண்டை தட்டையா, பூ மாதிரி பரந்து இருக்குது. இதுக்குப் பேரு ரோஜாக் கொண்டை. இந்தப் பெட்டைங்களுக்கு ரம்பம் மாதிரி நிக்குது பாருங்க, இது ஒத்தக் கொண்டை. ரெண்டையும் சேத்தா வர்ற குஞ்சு அத்தினிக்கும் ரோஜாக் கொண்டைதான் இருக்கும்" என்றார். அப்படியானால் ஒற்றைக் கொண்டை எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கயும் போகல சார். ஜரிகைக்குள்ள பட்டு நூல் இருக்குது, வெளிய தெரியுதா? அதுமாதிரி உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குது. இந்தக் குஞ்சுங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்தா, அடுத்த தலமொறைல நாலுக்கு ஒண்ணு ஒத்தக் கொண்டையோட வெளிய வரும் பாருங்க." ஒண்ணோட ஒண்ணு என்று அவர் சொன்னது அப்போது என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

ஆனியில் குஞ்சுகள் பொரித்தன. சொல்லி வைத்தாற்போல் எல்லாவற்றுக்கும் ரோஜாக் கொண்டை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ஒரு வண்ணப் பட்டு நூலைக் கட்டினார்கள். வகுப்பில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் நூலுக்குப் பஞ்சமில்லை. அதனால் அதுகளுக்கு அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்த மூன்றும் பெட்டை. சேவலுக்குக் கிளிப்பச்சை. இதில் மயில்கழுத்துக்குக் கொஞ்சம் சாதுவான சுபாவம், மற்றதுகள் தின்றுவிட்டுப் போன பிறகுதான் வரும். அதற்கு மட்டும் தனியாகத் தயிர் சாதம் வைக்கிறேன் என்று உன் மாமி உனக்கு எழுதியிருந்தால் அது பாதி பொய். எல்லாவற்றுக்கும்தான் வைக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் ஒரு பட்டாளம் வந்து இறங்கும். கேட்டைச் சாத்துவதில்லை, செருப்பைப் படியிலேயே விடுவது, உன் மாமியிடம் தண்ணீர் கேட்டு மோர் வாங்கிக் குடிப்பது, இதெல்லாம் வழக்கமாகிவிட்டது. அதில் ஜோதிகா என்று ஒரு பெண். அப்பா தறி நெய்கிறவர். எதைச் சொன்னாலும் "எப்பிடி சார்?" என்று கேட்காமல் விடமாட்டாள். ஒரு நாள் சாமுவேல் கோழியின் காலைத் தூக்கிப் பிடித்து, அதில் இருக்கும் செதிலைக் காட்டி, இது பல்லி வகையறாவின் செதில், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய பாட்டன் பூட்டன் சொத்து, இறகு பின்னால் வந்தது, கால் மட்டும் பழசை விடவில்லை என்று பரிணாமம் சொன்னார். நம் வம்சாவளியை நான் பாடுபட்டு ஒன்பது தலைமுறை வரைக்கும்தான் பிடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு அரக்கு மாடிப்படியில் ஏறி வந்து துளசி மாடத்துப் பக்கம் நின்றால் "சூ" என்று விரட்ட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பழைய குடும்பத்தை எப்படி விரட்டுவது?

இன்னொரு குறையையும் பதிவு செய்கிறேன். சாமுவேல் தினம் சாயங்காலம் மாடிக்கு வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு போவார். நான் படித்து முடித்தேனா என்று கேட்பதில்லை. "நியூஸ் எல்லாம் எங்க சார் ஓடப்போவுது" என்பார். திரும்பி வரும்போது அதில் மீன்குழம்பு வாசனை அடிக்கும், மூன்றாம் பக்கம் கோழிக்குக் கீழே விரிக்கப் போயிருக்கும். எடுத்துக்கொண்டும் உடனே போவதில்லை. கிரிக்கெட், கரண்ட் கட்டு, நகராட்சி என்று அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

இப்போது முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன். மார்கழியில் அரையாண்டு விடுமுறை விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு அரக்கோணம் பக்கம் ரேணுகாம்பாளின் பிறந்தகத்துக்குச் சாமுவேல் கிளம்பினார். பொங்கலுக்கு முன் வந்துவிடுவதாகச் சொல்லி, கூண்டுச் சாவியை என்னிடம் கொடுக்க வந்தார். விவரம் தெரிகிற வயதிலிருந்து சேவலைத் தனியாகவும் பெட்டைகளைத் தனியாகவும் வைத்திருந்தவர், அன்று காலையில் கிளிப்பச்சையைக் கொண்டுபோய் அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து இருக்கும் கூண்டில் விட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நான் பதறிப்போய், "சாமுவேல், இதுகள்ளாம் ஒரே தகப்பனுக்குப் பொறந்ததுகள்! கூடப் பொறந்தது!" என்றேன்.

"ஆமா சார். அப்பத்தான் கணக்கு கரெக்டா வரும்."

"கணக்குக்காக தர்மத்தை விடறதா? சர்க்காரே ஒத்துக்கறதில்லை. தடை செய்யப்பட்ட உறவுன்னு சட்டத்துல பட்டியலே இருக்கு. எத்தனை மனுவை நானே திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமோ?"

"கோழிக்கு தர்மம் தெரியாது சார்."

"கோழிக்குத் தெரியாது. சாவி வெச்சிண்டிருக்கறவனுக்குத் தெரியணுமோன்னோ?"

நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை என் கையில் வைத்துவிட்டு, முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ராம்ப்ரஸாத், நீயே சொல். சகோத்திரம் என்றாலே ஆயிரம் யோசனை பண்ணுகிற வம்சம் நாம். உடன்பிறந்தது உடன்பிறந்ததோடு என்றால், அதுவும் மார்கழி மாதத்தில், அதுவும் என் இடுப்பில் சாவி இருக்கும்போது, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நாளைக்குப் பெருமாள் சந்நிதியில் எந்த முகத்தோடு நிற்பேன்? பஸ் செவிலிமேடு தாண்டியிருக்காது, கிளிப்பச்சையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். அவன் என் கையைக் கொத்தினான். அவன் நிலையில் யாராக இருந்தாலும் கொத்துவார்கள்.

பெட்டைகளை அப்படியே விட்டுவிட்டால் சாமுவேல் வந்து குஞ்சு எங்கே என்று கேட்பாரே என்று, கௌரவமான இடத்தில் வரன் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த தெருவில் பால் ஊற்றும் கலியனிடம் ஒரு சேவல் உண்டு. மறுநாள் பால் கொண்டுவந்தபோது விசாரித்தேன். "இன்னா சாமி, ஐயமாரு வூட்டுல கோழியப் பத்தி கேக்குறீங்க!" என்று வாயில் கை வைத்தான். பூர்வீகம் கேட்டேன். "அது எம் மாமியாரு வூட்டுது சாமி. திருப்புட்குழி" என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் ஊர்! ராமாயணத்தில் ஒரு பட்சிக்குப் பெருமாளே பிள்ளை ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்த ஊர்! இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? பையனைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். துரை என்று பெயர். நல்ல உயரம், நல்ல நடை, ரம்பம் போல் கொண்டை. ஒரே ஒரு குறை, கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. வியாதியோ என்று கேட்டதற்கு, "பொறப்பே அப்டித்தான் சாமி. வெயிலுக்கு நல்லாத் தாங்கும்" என்றான் கலியன். அதனால் என்ன? என் தலையைப் பார்த்து உன் மாமியின் அப்பா பின்வாங்கினாரா? வழுக்கை ஒரு குறையா? மார்கழியில் கல்யாணம் கூடாதே என்று மட்டும் உறுத்தியது. இது காந்தர்வ விவாகம், மாதம் பார்க்க வேண்டாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

உன் மாமி மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்னா, ராம்ப்ரஸாதுக்கு ஜாதகத்தோட மூணு பொண்ணு காத்திண்டிருக்கு. அதை விட்டுட்டு கோழிக்கு வரன் பார்த்திண்டிருக்கேளே" என்றாள். நீ அந்த மூன்றையும் தட்டிக் கழித்தவன். துரை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

சாமுவேல் ஊரிலிருந்து வரும் வரைக்கும் துரை இங்கேதான் விருந்தாளி. அவர் வருவதற்கு முதல் நாள் துரையைக் கலியனிடம் ஒப்படைத்துவிட்டு, கிளிப்பச்சையை மறுபடி கூண்டில் சேர்த்து, தேதி எழுதிய முட்டைகளையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன். இனி வரும் முட்டைக்கு நான் பொறுப்பல்ல, சாவி என்னிடம் இருந்த காலத்துக்குத்தான் நான் ஜவாப்தாரி. ஆனால் துரைக்குத் தயிர் சாதம் பழகிவிட்டது. தினம் மத்தியானம் சாமுவேல் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கேட்டுக்குள் நுழைந்து, படியேறி, என் வேஷ்டி நுனியைப் பிடித்து இழுத்துச் சாப்பாடு கேட்பான். மாப்பிள்ளை என்று ஆன பிறகு இல்லை என்று சொல்ல முடியுமா?

நான் தேதி போட்ட முட்டைகளை அட்டைப் பெட்டியில் வைத்து, பல்பு போட்டு, சாமுவேல் அடைகாத்தார். ஒரு நாள் அவர் பள்ளிக்குப் போன பிறகு கரண்ட் போய்விட்டது. மெல்லப் பெட்டி ஆறிக்கொண்டே வருகிறது. முட்டை என்ற வார்த்தையையே வாயால் சொல்லாத உன் மாமி என்ன செய்தாள் தெரியுமா? பீரோவைத் திறந்து நிச்சயதார்த்தப் பட்டுப் புடவையை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றி மூடி, கரண்ட் வரும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலைக்குக் குளித்தாள். என்னைத்தான் பைத்தியம் என்கிறாள்.

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் கோளாறாகிவிடும் என்று நீ பயமுறுத்தினாயே, அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. கோளாறு முட்டைக்குள் இருந்தது. தை மாதம் குஞ்சுகள் பொரித்தன. எல்லாவற்றுக்கும் மொட்டைக் கழுத்து. முன்பக்கம் மட்டும் ஒரு சின்னக் கொத்து மயிர், சவரத்தில் தப்பித்தது போல. "சார்! எறங்கி வாங்க சார்!" என்று சாமுவேல் போட்ட கூச்சலில் நான் செருப்பில்லாமல் ஓடினேன். அந்தக் கழுத்தை எங்கே பார்த்தோம் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரோ குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "புது லட்சணம் சார். அப்பனுக்கு இல்ல, ஆத்தாளுக்கு இல்ல, தாத்தன் பாட்டிக்கும் இல்ல. சடுதி மாற்றம் சார்! பரிணாமம் இப்பிடித்தான் சார் ஆரம்பிக்கும். இருவது வருசமா போர்டுல எழுதி எழுதி அழிச்சிக்கினு இருக்குறேன். நம்ம வூட்டுக் கொல்லைல நடக்கும்னு கனவுலகூட நெனக்கல சார்" என்றார். மனுஷன் அழுதார், ராம்ப்ரஸாத். நான் செருப்புப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி நழுவினேன்.

மாடிக்கு வந்ததும் உன் மாமி, "மாப்பிள்ளைச் சாயல் அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தாயா, எப்படிச் சொல்வது என்றேன். "பார்த்தேன். அதனாலதான் சொல்லச் சொல்றேன். ஜில்லா ஸயன்ஸ் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோறாராம். மெட்ராஸ்லேர்ந்து படிச்சவா வரப்போறா. அத்தனை பேருக்கு முன்னாடி அசடு வழிஞ்சிண்டு நிக்கப்போறது அவர்தானே?" என்றாள். அவள் சொன்னது நியாயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் சாயங்காலம் பேப்பர் எடுக்க வருவார், சந்தோஷத்தில் சண்டைகூடப் போடாமல் "சார், செவிலிமேடுன்னு ஒலகத்துக்கே தெரியப்போவுது சார்" என்பார். எப்படிச் சொல்வது?

போன சனிக்கிழமை, இரண்டாம் சனி என்பதால் பள்ளி விடுமுறை. கண்காட்சிக்கு ஒத்திகை என்று பிள்ளைகள் எல்லோரும் கொல்லையில் கூடினார்கள். "செவிலிமேட்டில் பரிணாமம்" என்று கலர் பேனாவால் எழுதிய பெரிய சார்ட்டைத் தென்னையில் கட்டியிருந்தார் சாமுவேல். எனக்கும் மாமிக்கும் நாற்காலி போட்டு மரியாதை வேறு. அவர் சடுதி மாற்றத்தைப் பற்றி விளக்கி முடித்தார். எனக்குத் தென்னை நிழலிலும் வியர்த்தது. சொல்லிவிடுவது என்று எழுந்தே விட்டேன். அதற்குள் அந்த ஜோதிகா எழுந்தாள்.

"சார், சடுதி மாற்றம் லட்சத்துல ஒண்ணுக்குத்தான் வரும்னு நீங்கதான சார் சொன்னீங்க? இங்க பொறந்த அத்தினிக்கும் கழுத்து மொட்டையா இருக்குது. எப்பிடி சார்?"

சாமுவேல் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் விடவில்லை. "மூணு ரோஜாக் கொண்டைக்கு ஒரு ஒத்தக் கொண்டைன்னு வரணும் சார். எண்ணிப் பாத்துட்டேன், பாதிக்குப் பாதி ஒத்தக் கொண்டை வந்துக்குது. கிளிப்பச்சை அப்பாவா இருந்தா இது மேட்ச் ஆகாது. அப்பா வேற சார். ஒத்தக் கொண்டை, மொட்டக் கழுத்து. அப்பிடி ஒரு சேவல் உள்ள வந்துட்டுப் போயிருக்குது."

"பூட்டுன கூண்டுமா அது. எப்பிடி வரும்?" என்றார் சாமுவேல்.

மணி என்ன ஆயிற்று என்று நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேளை. கேட்டை வழக்கம்போல் அந்தப் பிள்ளைகள் சாத்தியிருக்கவில்லை. துரை உள்ளே வந்தான். ஒற்றைக் கொண்டை, மொட்டைக் கழுத்து. பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரையும் பார்க்காமல், நிதானமாக, சார்ட்டைத் தாண்டி, நேரே என் நாற்காலிக்கு வந்து வேஷ்டி நுனியைப் பிடித்து இழுத்தான். எல்லோரும் முதலில் துரையைப் பார்த்தார்கள், அப்புறம் குஞ்சுகளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"சாவி உங்ககிட்டதான் சார் இருந்துச்சு" என்றார் சாமுவேல். அவ்வளவுதான் சொன்னார். நான் கோத்திரம், சட்டம், திருப்புட்குழி என்று ஏதேதோ சொன்னேன், எதுவும் கோர்வையாக வரவில்லை. அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. சார்ட்டைக் கயிறு அவிழ்த்து, கசங்காமல் சுருட்டி, உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கத்தியிருக்கலாம். ஒரு வருஷம் பாடுபட்ட வேலையை ஒரு கிழவன் கெடுத்தான் என்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், சாயங்காலம் பேப்பரோடு சரியாகியிருக்கும். திட்டவில்லை. இந்த ஒரு வாரமாக மாடிக்கே வருவதில்லை. பேப்பர் மடித்தபடி நாற்காலியிலேயே கிடக்கிறது, முழுவதையும் நானே படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. ரேணுகாம்பாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளிடம் ஓரிக்கைப் பக்கம் வீடு காலியிருக்கிறதா என்று விசாரித்ததாக உன் மாமி காதில் விழுந்திருக்கிறது. அவராகக் காலி செய்துகொண்டு போனால் அது நமக்கு என்ன மரியாதை? நாம் நோட்டீஸ் கொடுத்து அவர் போனார் என்று இருக்கட்டும். இதுதான் காரணம். மற்றதெல்லாம் கிளைக் காரணங்கள்.

இன்று கண்காட்சி. விடிகாலையிலேயே பிள்ளைகள் வந்து குஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த சார்ட்டைக் கொண்டுபோனார்களோ, சாமுவேல் அங்கே என்ன சொல்லப் போகிறாரோ, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. மாடியிலிருந்து பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே மேற்படி நோட்டீஸைத் தாமதமில்லாமல் அனுப்பவும். நீ நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருந்து, சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் கல்யாணமாகி, பதவி உயர்வும் பெற்று, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கருட சேவைக்கு வந்து போக வேண்டும் என்று வரதனைப் பிரார்த்திக்கிறேன். மாமி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். ஊறுகாய் தீர்ந்தால் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தையே விரும்பும் மாமா,
ஸௌந்தரராஜன்

பின்குறிப்பு (அன்றே, விளக்கேற்றிய பிறகு): மேலே எழுதிய எதையும் படிக்காதே. படித்துவிட்டாயானால் மறந்துவிடு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டது, மனசு வரவில்லை.

கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாமுவேலும் ஜோதிகாவும். அவள் கையில் ஒரு சான்றிதழ். பழைய சார்ட்டை விட்டுவிட்டு, "அப்பா யார்?" என்று இவள் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். துரையின் படத்தை நடுவில் வரைந்து, குஞ்சுகளை வைத்தே அப்பாவைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லியிருக்கிறாள். பூட்டிய கூண்டுக்குள் வெளிச் சேவல் எப்படி வந்தது என்று மெட்ராஸிலிருந்து நடுவராக வந்த அம்மாள் கேட்டதற்கு, "மாடி வூட்டு ஐயரு தாத்தா கோத்திரம் பாத்து கொண்டாந்து வுட்டாரு மேடம்" என்றாளாம். ஐயர் என்றதை மட்டும் நான் ஆட்சேபித்தேன், ஐயங்கார் என்று திருத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் செஞ்சது தப்புதானே?" என்று சாமுவேலைக் கேட்டிருக்கிறார். சாமுவேல் என்ன சொன்னார் என்பதை ஜோதிகாதான் சொன்னாள், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சோதனைக்குத் தப்பு மேடம். கோழிக்கு நல்லது. கூடப்பொறந்ததுங்களையே சேத்துக்கினு போனா, தலமொறைக்குத் தலமொறை முட்டை பொரிக்கிறது கொறைஞ்சிக்கினே போவும். அதப் பாடமா நான் நடத்திக்கினு இருக்குறேன். அவரு படிக்காமயே பதறிட்டாரு."

இரண்டாம் பரிசு. முதல் பரிசு சோடா உப்பில் பொங்கும் எரிமலைக்காம். காஞ்சிபுரத்தில் எரிமலை எதற்கு என்று நான் கேட்டேன். அதையேதான் சாமுவேலும் அங்கே கேட்டாராம்.

உன் மாமி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். சாமுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வருசம் ரெண்டு கூண்டு போடணும் சார். ஒண்ணுல கூடப்பொறந்ததுங்க, இன்னொண்ணுல வெளி எடம். எது நல்லாப் பொரிக்குதுன்னு பாக்கணும். அந்த வெளி எடத்த நீங்கதான் சார் பாத்துச் சொல்லணும். கிளிப்பச்சைக்கும் ஒரு பொண்ணு பாருங்க, பாவம்" என்றார். முதல் கூண்டு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆட்சேபணை உண்டு, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். "இந்தத் தடவ எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கீழே இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது என்பதை உன்னிடம் எழுதுவதில் என்ன வெட்கம்? ஓரிக்கை வீட்டைப் பற்றி மாமி நேராகவே கேட்டுவிட்டாள். அது ரேணுகாம்பாளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்காகக் கேட்டதாம்.

ஆகவே நோட்டீஸ் வேண்டாம். இரண்டாவது கூண்டுக்குக் கிணற்றடிப் பக்கம் இடம் விட உன் சம்மதத்தை மட்டும் எழுது. கலியனிடம் பெண் விஷயமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து இடமாக இருந்தால் தேவலை, உறவு கலக்காது.

போகும்போது சாமுவேல் நாற்காலியிலிருந்து பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. படிக்கட்டும்.